மணிக்காரரின் வியாழக்கிழமைகள்

நான் முதன்முதலில் வேலைக்குச் சேர்ந்த ஆரம்பப் பள்ளியில் வியாழக்கிழமை கடைசிப் பீரியட் மட்டும் எப்போதும் குட்டையாக இருந்தது. மற்ற நாட்களில் நாற்பது நிமிடம். வியாழன் என்றால் முப்பத்தைந்து, முப்பத்து மூன்று, ஒருமுறை முப்பதுக்கும் கீழே. முதலில் கவனித்தது நான்தான். கடைசிப் பீரியட் சீக்கிரம் முடிந்துவிடுகிறது என்று எந்த வாத்தியார் போய்ப் புகார் கொடுப்பார்? ஓவிய டீச்சருக்கெல்லாம் அது கும்பிடாமல் கிடைத்த வரம். எனக்கு வயிற்றெரிச்சல். வியாழன் கடைசிப் பீரியட் மூன்றாம் வகுப்புக்குக் கணக்கு, நடத்துவது நான், எனக்கு வயது இருபத்து நான்கு, கையில் அப்பா வாங்கிக் கொடுத்த புதுக் கைக்கடிகாரம். அந்த வயதில் எனக்கு உலகத்தில் இரண்டே வகை மனிதர்கள்தான், நேரத்துக்கு வருகிறவர்களும் மற்றவர்களும்.

அங்கே மின்சார மணி கிடையாது. அலுவலக வராந்தாவின் உத்திரத்திலிருந்து ஒரு தண்டவாளத் துண்டு கம்பியில் தொங்கும். பக்கத்து ஆணியில் சுத்தியல் மாட்டியிருக்கும். அதை எடுத்து அடிப்பவரைத்தான் நாங்கள் மணிக்காரர் என்போம். அட்டெண்டர் வேலை. மணி அடிப்பது, எல்லா அறைகளின் சாவியையும் இடுப்பில் கோத்துக்கொண்டு அலைவது, சுற்றறிக்கையை வகுப்பு வகுப்பாகக் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்குவது என்று நாள் முழுவதும் நடந்துகொண்டே இருப்பார். பிள்ளைகளுக்கு அவர் பெல் மாமா. ஆசிரியர்களுக்கு அண்ணே. ஐம்பதைத் தொட்டுக்கொண்டிருந்தார். அதற்கு முன்னால் ஒன்பது வருடம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். முழங்கால் கெட்டுப்போனதும் பஸ்ஸை விட்டார், குரலை விடவில்லை. வராந்தாவின் இந்தக் கோடியில் அவர் ரகசியம் பேசினால் அந்தக் கோடியில் கேட்கும்.

மூன்றாம் வகுப்புக்கு வியாழன் கடைசிக்கு முந்தைய பீரியட் நூலகம். அது அவர் கைக்குப் போனது ஒரு விபத்து. நூலக டீச்சர் பிரசவ விடுப்பில் போனவர், திரும்பி வரவில்லை. வேறு ஆளும் போடவில்லை. சாவி இவரிடம்தானே இருக்கிறது என்று ஹெச்.எம். அம்மா இவரைக் கூப்பிட்டு, "சும்மா கூட உக்காருங்க, புத்தகத்தைக் கிழிக்காம பாத்துக்கிட்டா போதும்" என்றாராம். எட்டாவது வரை படித்த மனிதர். சும்மா உட்காரச் சொன்னால் உட்கார்ந்திருக்கலாம். ஆனால் அவருக்குச் சும்மா உட்கார வராது. நான் சேர்ந்தபோது அந்தப் பீரியட் அவர் வசமாகி மூன்று வருடம் ஆகியிருந்தது.

முதல் பத்து நிமிடம் பாடம். பிள்ளைகள் வரிசையில் வந்து இரண்டு கையையும் புரட்டிக் காட்டவேண்டும். அழுக்கு இருந்தால் குழாயடிக்கு. ஒவ்வொருவருக்கும் ஒரு அட்டைப் பட்டை, அதில் வருகைப் பதிவேட்டு எண். அலமாரியிலிருந்து புத்தகத்தை உருவினால் அந்த இடத்தில் பட்டையைச் செருகவேண்டும், திருப்பி வைக்கும்போது இடம் தேடி முழிக்கக் கூடாது என்பதற்காக. பக்கத்தின் மேல் மூலையில் விரலை வைத்துப் புரட்டவேண்டும். யாராவது விரலை நாக்கில் தொட்டால் போச்சு. "எச்சி தொட்டுப் பொரட்டுறது டிக்கெட் கிழிக்கிறவன் வேலை. ஒம்பது வருஷம் நான் பண்ணியிருக்கேன். புத்தகத்துக்கு அது ஆகாது" என்பார். பக்கத்தின் மூலை மடிந்திருந்தால் இன்னும் மோசம். "இதோட காதை யாரு மடிச்சது? உன் காதை இப்படி மடிச்சு ஒரு வாரம் வச்சிருக்கட்டுமா?" பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு சிரிக்கும். ஆனால் அடுத்த வாரம் யாரும் மடிக்கமாட்டார்கள்.

அதற்குப் பிறகு கதை. பிள்ளைகள் பாயில் உட்கார, இவர் ஒரு குட்டை ஸ்டூலில் முழங்காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்து, வரிக்குக் கீழே விரல் வைத்துப் படிப்பார். வேகமாகப் படிக்கத் தெரியாது. அதனால் ஒரு வார்த்தையும் சிந்தாது. எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறுகிற பிள்ளை கூட அவர் விரலோடு சேர்ந்து வந்துவிடும். அத்தியாயம் முடியப்போகிறது என்றால் பழைய பழக்கத்தில், "அடுத்த ஸ்டாப்பிங் வருது, எறங்குறவங்க முன்னாடி வாங்க" என்று அறிவிப்பார். யாரும் இறங்கமாட்டார்கள்.

இதற்கெல்லாம் ஒத்திகை உண்டு என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரியும். அவருடைய மனைவி வீட்டிலேயே தையல் மிஷின் போட்டிருந்தார். புதன்கிழமை சாயங்காலம் மனைவி தைத்துக்கொண்டிருக்க, பக்கத்தில் உட்கார்ந்து மறுநாள் படிக்கவேண்டியதை இவர் படித்துக் காட்டுவார். "மிஷின் நின்னுச்சுன்னா கதை ஓடுதுன்னு அர்த்தம் டீச்சர். மிஷின் ஓடிட்டே இருந்தா கதை நின்னு போச்சு" என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். எந்த இடத்தில் நிறுத்தினால் பிள்ளைகள் அடுத்த வாரம் ஓடி வருவார்கள் என்பதை முடிவு செய்வதும் அந்த அம்மாதான். அந்தப் பக்கத்தில் ஒரு சிவப்பு நூலை வைத்துக் கொடுத்துவிடுவார். இவரும் நூல் வரும்வரை நிறுத்தமாட்டார். பிள்ளைகள் கேள்வி கேட்பதற்கும் நடுவில் ஒருவன் மூக்கில் ரத்தம் வருவதற்கும் சேர்த்து அந்த அம்மா கணக்குப் போடவில்லை, பாவம். நூல் ஒரு நேரத்தில் வரும், மணி ஒரு நேரத்தில் அடிக்கவேண்டும். மணியும் தன் கையில், புத்தகமும் தன் கையில் இருக்கிற மனிதர் என்ன செய்வார்?

நாங்கள் யாரும் இதை ஊகிக்கவில்லை. அதுதான் வேடிக்கை. வியாழன் தோறும் மணி தாமதமாகிறது என்று நான் நச்சரித்ததும் ஹெச்.எம். அம்மா அலுவலகக் கடிகாரத்தைச் சந்தேகப்பட்டார். கடிகாரம் ரிப்பேர் பார்ப்பவர் மூன்று முறை வந்தார். மூன்றாம் முறை அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "அம்மா, வாரத்துல ஒரு நாள் மட்டும் மெதுவா ஓடுற கடிகாரத்தை நான் என் அனுபவத்துல பாத்ததில்ல" என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போனார். ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவர் மணிக்காரர்தான். முகத்தில் ஒரு சலனம் இல்லை.

பிறகு ஒரு வியாழன், எனக்குக் கடைசிக்கு முந்தைய பீரியட் ஓய்வாக அமைந்தது. நேரே போய்த் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் நின்றேன். இரண்டு ஐம்பதுக்கு மணி அடிக்கவேண்டும். இரண்டு ஐம்பது ஆயிற்று. ஆளைக் காணோம். ஆணியில் சுத்தியலையும் காணோம். பக்கத்து அறைதான் நூலகம், ஜன்னல் திறந்திருந்தது. எட்டிப் பார்த்தால், மடியில் சுத்தியலை வைத்துக்கொண்டு மனிதர் படித்துக்கொண்டிருக்கிறார்.

அந்த வருடம் ஓடிய கதை ஓர் ஒட்டகத்தைப் பற்றியது. சர்க்கஸ்காரர்கள் ஊரைக் காலி செய்து போகும்போது ஓர் ஒட்டகத்தை மறந்துவிட்டுப் போய்விடுகிறார்கள். கூடாரத்துக்கு ஒட்டுப்போட வந்த தையல்காரி ஒருத்தி, அதைச் சொந்தக்காரனிடம் சேர்த்தே தீருவது என்று ஊர் ஊராக நடக்கிறாள். நான் எட்டிப் பார்த்த அன்று இரண்டு பேரும் ஆற்றங்கரையில் நிற்கிறார்கள். படகுக்காரன் ஒட்டகத்தை ஏற்ற முடியாது என்கிறான். மணிக்காரர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். நூலக அறையிலும் ஒன்று இருந்தது, அது சரியாகவே ஓடியது. அப்புறம் பிள்ளைகளைப் பார்த்தார். பக்கத்தைப் புரட்டிவிட்டார்.

நான் அப்போதே கதவைத் தட்டியிருக்கலாம். தட்டவில்லை. படகுக்காரன் மனசு மாறுவானா என்று தெரியாமல் எனக்குக் கால் நகரவில்லை, அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்தப் பொல்லாத ஒட்டகம் படகில் ஏறி உட்கார்ந்தபோது மணி மூன்றாக ஒரு நிமிடம். சுத்தியலோடு வெளியே வந்தவர் என்னைப் பார்த்து அப்படியே நின்றார்.

"ஒம்பது நிமிஷம் அண்ணே" என்றேன் கைக்கடிகாரத்தைக் காட்டி.

"ஏறிடுச்சு டீச்சர்" என்றார் அவர். சொல்லிவிட்டு மணியை அடித்தார்.

கணக்குப் பீரியட் முடிந்ததும் நான் நேராக ஹெச்.எம். அறைக்குப் போனேன். இன்று யோசித்தால், அவரிடமே தனியாகச் சொல்லியிருக்கலாம், கேட்டிருப்பார். எனக்கு அப்போது நியாயம் மூக்கு நுனியில் உட்கார்ந்திருந்தது. ஹெச்.எம். அம்மா நல்லவர்தான். ஆனால் கடிகாரக்காரர் முன்னால் தன்னை முட்டாளாக்கிவிட்டார்கள் என்பதை அவரால் தாங்க முடியவில்லை. உடனே ஆளை வரவழைத்தார். நானும் அங்கேயே நின்றேன்.

"எவ்வளவு நாளா இப்படி நடக்குது?"

"மூணு வருஷமாம்மா." பூசி மெழுகவெல்லாம் இல்லை.

"அப்ப கடிகாரத்தைக் கழட்டி மாட்டும்போதெல்லாம் ஏணியைப் புடிச்சிட்டு நின்னீங்களே, அப்ப சொல்ல வாய் வரலையா?"

"சொன்னா பீரியடை எடுத்துடுவீங்கம்மா."

"இப்ப மட்டும் எடுக்காம இருப்பனா? அடுத்த வாரத்துலேர்ந்து அந்தப் பீரியட்ல பிள்ளைங்க கையெழுத்து எழுதட்டும். நூலகத்தைப் பூட்டிடுங்க."

அந்த மனிதர் எதற்கும் கெஞ்சி நான் பார்த்ததில்லை. விடுப்பு கேட்கக் கூட எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். அன்று மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அம்மா, மணியை வேற யாருக்காவது குடுத்துடுங்க. இதை எடுத்துடாதீங்க. ஒட்டகம் இன்னும் வீட்டுக்குப் போய்ச் சேரல" என்றார்.

ஹெச்.எம். அம்மாவுக்கு ஒட்டகம் எங்கிருந்து வந்தது என்று விளங்கவில்லை. "வேற யாரு வந்து மணி அடிப்பா?" என்று கேட்டார்.

"நான் அடிக்கிறேன் மேடம்" என்றேன். குற்றவுணர்ச்சியா, நேரத்துக்கு மணி அடிக்க என்னைவிட்டால் யார் என்ற திமிரா, இரண்டும்தான். ஹெச்.எம். அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சம்மதித்தார், ஒரு நிபந்தனையோடு. வியாழக்கிழமை அந்த ஒரு மணியை நான் அடிக்கவேண்டும். அது ஒரு நிமிடம் பிந்தினாலும் நூலகப் பீரியட் அதோடு சரி.

அந்த நிபந்தனையை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். வியாழக்கிழமை இரண்டு நாற்பத்தொன்பதுக்குச் சுத்தியலோடு நின்று, முள் ஐம்பதைத் தொட்டதும் அடிப்பேன். உள்ளே அவர் குரல் பாதி வரியில் அறுந்துபோகும். பிள்ளைகள் "ஐயோ" என்பது வராந்தா வரைக்கும் கேட்கும். அவர் ஒரு நாளும் என்னை முறைத்ததில்லை. புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, பிள்ளைகளை வரிசையில் அனுப்பிவிட்டு, "சரியான டைம் டீச்சர்" என்பார், பாராட்டுவது போலவே. ஆனால் பாதியில் நின்ற கதையை மறுவாரம் சும்மா தொடர முடியாது அல்லவா? இரண்டு பக்கம் பின்னால் போய் ஆரம்பிப்பார். இப்படி வாரத்துக்கு இரண்டு பக்கம் கடனாக ஏறிக்கொண்டே போனது. மனைவி வைத்துக் கொடுத்த சிவப்பு நூல்கள் புத்தகத்துக்குள்ளேயே அடுத்தடுத்துத் தங்கிப்போயின.

பிள்ளைகளுக்கும் விஷயம் தெரியும். மணி அடிப்பது நான்தான் என்று தெரியும். கணக்குப் பீரியடில் உம்மென்று வந்து உட்காருவார்கள். "டீச்சர், ஒட்டகம் வருஷம் முடியுறதுக்குள்ள வீட்டுக்குப் போயிடுமா?" என்று முன்வரிசையில் ஒரு சிறுமி வாராவாரம் கேட்பாள். இரட்டைப் பின்னல், முன்பல் இரண்டும் இல்லை, கேள்வி மட்டும் ஏராளம். போய்விடும் என்று நானும் வாராவாரம் சொல்லுவேன்.

வருடத்தின் கடைசி வியாழன் வந்தது. ஹெச்.எம். அம்மா கல்வி அலுவலகத்தில் கூட்டம் என்று காலையிலேயே போய்விட்டார். நான் வழக்கம்போல் போய் நின்றேன். கடைசி அத்தியாயம் நடந்துகொண்டிருந்தது. தையல்காரி சர்க்கஸ் கூடாரத்தைக் கண்டுபிடித்துவிட்டாள். வாசலில் சொந்தக்காரன் நிற்கிறான். ஒட்டகம் அவனை அடையாளம் கண்டுகொள்ளுமா, அல்லது இத்தனை மாதம் கூட நடந்து வந்தவளிடமே நின்றுவிடுமா? உள்ளே முப்பது பிள்ளைகள் மூச்சு விடவில்லை. மணிக்காரர் தலையைத் தூக்கிக் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தார். அத்தனை மாதத்தில் முதல்முறையாகக் கேட்டார், வாயைத் திறக்காமல். இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினார். இரண்டு பக்கம்.

பள்ளியில் கேட்க ஆள் இல்லை. நிபந்தனை போட்டவரும் ஊரில் இல்லை. நான் என் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். இத்தனை நாள் சரியாக இருந்துவிட்டுக் கடைசி நாளில் வளைந்து கொடுப்பதா என்றுதான் அந்த நேரத்தில் எனக்குத் தோன்றியது. மணியை அடித்தேன்.

அவர் வரியை முடிக்கவில்லை. புத்தகத்தை மூடினார். "மிச்சத்தை லீவு முடிஞ்சு வந்து பாத்துக்கலாம், நாலாம் வகுப்பானா என்ன, மத்தியானம் சாப்பிட்டுட்டு வாங்க, படிச்சிடலாம்" என்று பிள்ளைகளிடம் சொன்னது எனக்குக் கேட்டது. என்னிடம் வந்து, "சரியான டைம் டீச்சர்" என்றார்.

விடுமுறையில் அவருக்கு மாற்றல் வந்துவிட்டது. ஊரின் மறுகோடியில் இருந்த உயர்நிலைப் பள்ளிக்கு. சாவிக்கொத்தை அலுவலகத்தில் ஒப்படைத்துவிட்டு, பள்ளி திறப்பதற்கு முன்பே போய்விட்டார். திறந்த முதல் நாள் மத்தியானம், சாப்பிட்ட கையைக் கழுவிக்கொண்டு நாலாம் வகுப்புப் பிள்ளைகள் நூலகத்து வாசலில் போய் வரிசையாக நின்றிருக்கிறார்கள், கையைப் புரட்டிக் காட்டத் தயாராக. பூட்டிய கதவின் முன்னால் அவர்களைப் பார்த்ததும் எனக்கு என்னவோ போலாகிவிட்டது. வகுப்புக்குப் போகச் சொன்னேன். போனார்கள்.

அந்தச் சனிக்கிழமை அவரைத் தேடிக்கொண்டு போனேன். உயர்நிலைப் பள்ளிக்குச் சனிக்கிழமையும் அரை நாள் உண்டு. கேட்டுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியை என் பக்கம் நகர்த்தினார். அந்த நேரத்தில் சுவரில் மின்சார மணி அலறியது. நான் திடுக்கிட்டேன்.

"தானாவே அடிச்சுக்கும் டீச்சர். இங்க எனக்குக் கேட் மட்டும்தான்."

"நூலகம்?"

"இருக்கு. பெரிய பிள்ளைங்க, அவங்களே எடுத்துப் படிச்சுக்குறாங்க. அவங்களுக்கு நான் எதுக்கு?" என்றார். குறைப்பட்டுக்கொள்வது போல இல்லை. விசாரித்ததற்குச் சொன்னார், அவ்வளவுதான். மகள் வெளியூரில் நர்ஸ் வேலையில் சேர்ந்துவிட்டாளாம். மனைவிக்குக் கண் ஆபரேஷன் ஆகி இப்போது ஊசியில் நூல் கோக்க முடிகிறதாம். புதன்கிழமை சாயங்காலம் மட்டும் என்ன செய்வதென்று தெரியவில்லையாம், செய்தித்தாளைப் படித்துக் காட்டினால் மிஷின் நிற்கவே மாட்டேன் என்கிறதாம். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

நான் கேட்டேன். "அன்னைக்கு நான் ரெண்டு நிமிஷம் பொறுத்திருக்கணும் அண்ணே. இல்ல?"

பரவாயில்லை டீச்சர், விடுங்க என்று சொல்லுவார் என்றுதான் போயிருந்தேன்.

"ஆமா டீச்சர்" என்றார். "பொறுத்திருக்கலாம்."

பிறகு எனக்கு டீ வாங்கி வந்தார். நான் பிள்ளைகள் வாசலில் நின்றதைச் சொன்னேன். ஒரு வியாழக்கிழமை வந்து படித்துவிட்டுப் போக முடியுமா என்று கேட்டேன். கேட்டை விட்டு வர முடியாது, நீங்களே படித்துவிடுங்கள் என்றார். எப்படிப் படிக்கவேண்டும் என்று சொல்லியும் கொடுத்தார். "ஒட்டகம் திரும்பிப் பாத்துச்சுன்னு ஒரு வரி வரும். அந்த இடத்துல ஓடிடாதீங்க. தலையைத் தூக்கிப் பிள்ளைங்க மூஞ்சியைப் பாருங்க, அப்புறம் அடுத்த வரிக்குப் போங்க. உங்களுக்கு அவசரம் ஜாஸ்தி." அதுவும் உண்மைதான்.

அடுத்த வியாழன் அலுவலகத்தில் சாவி வாங்கி, அலமாரியிலிருந்து அந்தப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு நாலாம் வகுப்புக் கணக்குப் பீரியடுக்குப் போனேன். இரண்டு பக்கம். வரிக்குக் கீழே விரல் வைத்துத்தான் படித்தேன், இல்லாவிட்டால் எனக்கு வேகம் அடங்காது. ஒட்டகம் சொந்தக்காரனிடம் போகிறது. தையல்காரி நூல்பெட்டியை எடுத்துக்கொண்டு தனியாக நடக்க ஆரம்பிக்கிறாள். ஒட்டகம் திரும்பிப் பார்க்கிறது. நான் தலையைத் தூக்கிப் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தேன். இத்தனை வருடமாக அவர் வியாழன் தோறும் எதைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. மிச்சத்தைப் படித்து முடித்தேன்.

முன்வரிசைச் சிறுமிக்கு இப்போது புதுப் பல் முளைத்திருந்தது.

"அவ்வளவுதானா டீச்சர்?"

"அவ்வளவுதான். இதைப் படிக்க நாலு நிமிஷம் ஆச்சு."

அவள் யோசித்தாள். குறை சொல்லும் குரலே இல்லை, தெரிந்துகொள்ளக் கேட்டாள். "அன்னைக்கு இதை முடிக்காம கணக்குப் பீரியடுக்கு வந்தோமே, வந்து என்ன கணக்கு டீச்சர் போட்டோம்?"

நான் வாய் திறப்பதற்கு முன்னால் பின்வரிசையிலிருந்து ஒருவன் பதில் சொல்லிவிட்டான். "கணக்கு எங்க போட்டோம்? பெஞ்சு தொடைச்சோம்."

அவன் சொன்னது சரி. பரீட்சை அதற்கு முந்தைய வாரமே முடிந்திருந்தது. அன்று அவர்களுக்கு நடத்த என்னிடம் பாடம் எதுவும் இருக்கவில்லை.